பிள்ளையின் போனில் ஓடும் ஜப்பான் காட்டூன்: பெற்றோரோடு சில வார்த்தைகள்



பெற்றோர் கூட்டத்துக்கு வருகிறவர்கள் இப்போதெல்லாம் மார்க்ஸைப் பற்றிக் கதைத்து முடிந்ததும் குரலைத் தாழ்த்தி இன்னொன்றையும் கேட்கிறார்கள். "சேர், புள்ள எந்த நேரமும் போன்ல ஜப்பான் காட்டூன் பாக்குறான். வாயில வராத பேரெல்லாம் சொல்றான். என்ன செய்ற?" சிலர் போனைப் பிடுங்கி அலுமாரியில் வைத்துப் பூட்டிவிட்டார்கள். சிலர் "காட்டூன்தானே, பாத்துட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டார்கள். இரண்டு பக்கமும் பிள்ளையிடம் ஒரு கேள்வியைக் கேட்கவில்லை: "நீ பார்க்கிறதுக்குப் பேர் என்ன?"

நமது கந்தப்பளையில் கடை வைத்திருப்பவருக்கும், தோட்டத்தில் கொழுந்து பறிப்பவருக்கும், லீக்ஸ் போடுபவருக்கும் இது பொதுவான விஷயம் என்பதால் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன். பொறுமையாக வாசியுங்கள்.

முதலில் சொற்கள். ஜப்பானில் தயாராகும் சித்திரப் படங்களும் தொடர்களும் அனிமே. படக்கதைப் புத்தகம் மங்கா. பெரும்பாலான அனிமே முதலில் மங்காவாக வந்தவை. மங்காவை வலமிருந்து இடமாக வாசிக்க வேண்டும். மத்ரஸாவில் ஓதுகிற பிள்ளைக்கு அந்தப் பழக்கம் ஏற்கனவே இருக்கிறது, மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு நாள் போதும்.

ஜப்பான் கதை நமக்குப் புதிதும் இல்லை. 1982இல் ரூபவாஹினி தொடங்கப்பட்டதே ஜப்பானின் உதவியோடுதான். அந்தக் காலத்தில் 'ஒஷின்' நாடகத்துக்காக நாடே டீவிக்கு முன்னால் இருந்ததை இன்றைய பாட்டிமார் சொல்வார்கள். மத்திய கிழக்கில் வேலை செய்தவர்களிடம் 'கெப்டன் மாஜித்' பற்றிக் கேளுங்கள். அரபுப் பிள்ளைகள் உயிராகப் பார்த்த அந்தக் கால்பந்துக் காட்டூன், 1981இல் ஜப்பானில் மங்காவாகத் தொடங்கிய 'கெப்டன் சுபாசா'வின் அரபு வடிவம். 2021இல் சவூதியின் மங்கா புரொடக்‌ஷன்ஸும் ஜப்பானின் தோயி நிறுவனமும் சேர்ந்து 'த ஜேர்னி' என்ற முழுநீள அனிமே படத்தையே எடுத்தன. அப்ரஹாவின் யானைப் படை மக்காவைத் தாக்க வந்த வரலாறுதான் அதன் களம்.

ஆகவே "அனிமே ஹராமா சேர்?" என்று கேட்பவர்களுக்கு: மார்க்கத் தீர்ப்பை உலமாக்களிடம் கேளுங்கள், அது என் வேலை இல்லை. ஆனால் கேட்கப் போகும்போது எந்தத் தொடர் என்ற பெயரோடு போங்கள். அனிமே என்பது ஒரு கதை கிடையாது. ஒரு புத்தகக் கடை மாதிரி. அதில் அம்புலிமாமாவும் இருக்கும், கொலைக் கதையும் இருக்கும், பெரியவர்கள் மட்டும் வாசிக்க வேண்டியதும் இருக்கும்.

நம்மில் பலர் ஏமாறுவது இந்த இடத்தில். படம் வரைந்திருந்தால் சின்னப் பிள்ளைக்குரியது என்று நினைத்துவிடுகிறோம். 'ஷின்சான்' எல்லோருக்கும் தெரியும். இந்தியச் சேனலில் தமிழிலேயே வந்தது. அது 1990இல் ஜப்பானில் தொடங்கியது பெரியவர்களுக்கான சஞ்சிகை ஒன்றில். பெற்றோரின் முறைப்பாடுகளால் 2008இல் இந்தியாவில் அதன் ஒளிபரப்பு நிறுத்தப்பட்டு, அடுத்த வருடம் வெட்டித் திருத்தித்தான் திரும்பவும் போட்டார்கள். தொடருக்கு ஐந்து வயதுப் பையன் கதாநாயகன் என்பதால் அது ஐந்து வயதுப் பிள்ளைக்கென்று ஆகிவிடாது.

ஜப்பானில் சஞ்சிகைகளை வாசகரின் வயதை வைத்துப் பிரிக்கிறார்கள். ஷோனென் என்றால் பையன்களுக்கு, ஷோஜோ என்றால் பெண் பிள்ளைகளுக்கு, செய்னென் என்றால் வளர்ந்த ஆண்களுக்கு, ஜோசெய் என்றால் வளர்ந்த பெண்களுக்கு. இதையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். மனிதரை மனிதர் வடிவப் பூதங்கள் பிய்த்துத் தின்னும் 'அட்டாக் ஒன் டைட்டன்', பெயர் எழுதினால் ஆள் சாகும் 'டெத் நோட்' இரண்டும் ஷோனென் சஞ்சிகைகளில் வந்தவைதான். தரம் 6, 7 பிள்ளைகளுக்கு அவை வேண்டாம் என்பது என் கருத்து.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் மூன்றைச் சொல்வேன்.

சின்னப் பிள்ளைகளோடு குடும்பமாகப் பார்க்க 'மை நெய்பர் டொடோரோ' (1988). தாய் ஆஸ்பத்திரியில் இருக்க, தகப்பனோடு கிராமத்துக்கு வரும் அக்கா தங்கை இருவரின் கதை. வில்லனும் இல்லை, சண்டையும் இல்லை. அம்மா வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நமது வகுப்புகளில் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தக் கதை பிடிபடும். காட்டு ஆவி போன்ற கற்பனை அதில் வரும். "இது அவர்களுடைய கற்பனை, நம்முடைய நம்பிக்கை இது" என்று பக்கத்தில் இருந்து சொல்ல வேண்டியது நாம்தான்.

விளையாடும் வயதுப் பிள்ளைகளுக்கு 'ஹைக்யூ'. அந்தப் பெயருக்கே ஜப்பானிய மொழியில் கரப்பந்து என்றுதான் அர்த்தம். நமது நாட்டின் தேசிய விளையாட்டு! உயரம் குறைந்த பையன் ஒருவன் பாடசாலை அணியில் இடம்பிடிக்கப் பாடுபடும் கதை. தோற்ற அணியும் மதிப்போடு காட்டப்படுவதுதான் எனக்கு அதில் பிடித்தது. பின்னேரத்தில் தோட்டத்து மைதானத்தில் வலை கட்டும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

ஓ.எல். வயதைத் தொட்டவர்களுக்கு 'பெயார்ஃபுட் கென்' மங்கா. எழுதியவர் கெய்ஜி நகஸாவா. 1945 ஆகஸ்ட் 6இல் ஹிரோஷிமாவில் குண்டு விழும்போது அவருக்கு வயது 6. தகப்பனையும் ஓர் அக்காவையும் தம்பியையும் அன்று இழந்தவர். வரலாற்றுப் பாடத்தில் நாங்கள் இரண்டு வரியில் சொல்லிவிட்டுப் போவதை அவர் உள்ளே இருந்து காட்டுகிறார். கொடூரமான காட்சிகள் உண்டு. ஆகவே பெரிய பிள்ளைகளுக்கு மட்டும்.

அடுத்தது எங்கே பார்ப்பது. என்னை அதிகம் பயமுறுத்துவது கதைகளைவிட, இலவசமாகக் களவில் போடும் தளங்கள்தான். ஒரு தொடரைத் திறந்தால் சூதாட்ட விளம்பரம் ஒன்று, பிள்ளை பார்க்கக் கூடாத படம் ஒன்று. உரிமை பெற்று இலவசமாகக் காட்டுகிற 'மியூஸ் ஏசியா' போன்ற யூடியூப் சேனல்கள் இருக்கின்றன. மங்காவுக்கு 'மங்கா பிளஸ்' என்ற செயலி, ஜப்பானியப் பதிப்பகமே நடத்துவது. அதில் பல கதைகளின் முதல் அத்தியாயங்களையும் கடைசியாக வந்தவற்றையும் ஆங்கிலத்தில் இலவசமாக வாசிக்கலாம். வீடியோவைவிட டேட்டாவும் குறைவாகத்தான் போகும், ஆங்கில வாசிப்பும் கூடும். இங்கிலீஷ் புத்தகத்தைத் தொடாத பிள்ளை கதையின் அடுத்த பக்கத்துக்காக அகராதியைப் புரட்டும்.

ரசிகர் உலகம் என்று ஒன்றும் இருக்கிறது. பாத்திரங்களை வரைவார்கள், அவர்களைப் போல உடுத்துவார்கள். கொழும்பில் 'லங்கா கொமிக் கொன்' என்று விழாவே நடக்கிறது. கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் பிள்ளை முள்ளு முள்ளான முடியோடு ஒரு முகம் வரைந்திருந்தால் தயவுசெய்து கிழிக்காதீர்கள். ஒரு வெள்ளைக் கொப்பி வாங்கிக் கொடுங்கள். முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த டெலிகிராம், டிஸ்கோர்ட் குழுக்களுக்குள் போவது வேறு விஷயம். அங்கே சொந்தப் படம், போன் நம்பர், பாடசாலைப் பெயர் கொடுக்கக் கூடாது என்பதை இன்றைக்கே சொல்லுங்கள்.

"அனிமே பார்த்து ஜப்பான் மொழி படிச்சு அங்க வேலைக்குப் போறேன் சேர்" என்கிற பையன்களுக்கும் ஒரு வார்த்தை. 2019இல் இரு நாட்டுக்கும் ஒப்பந்தம் வந்த பிறகு அந்தக் கதவு திறந்திருப்பது உண்மை. ஆனால் அதற்கு மொழிப் பரீட்சை பாஸாக வேண்டும். அனிமேயில் கதாநாயகன் கூட்டாளியிடம் பேசுகிற பேச்சை நேர்முகப் பரீட்சையில் பேசினால் மரியாதை தெரியாதவன் என்று நினைப்பார்கள். காது பழகும், ஆசை வரும். மிச்சத்தை வகுப்பில் இருந்து படிக்க வேண்டும்.

பெற்றோரே, ஒளித்துப் பார்க்கிற பிள்ளைக்கு மோசமான ஒன்று கண்ணில் பட்டால் யாரிடம் சொல்லும்? பார்த்ததையே மறைத்த பிள்ளை, பயந்ததையும் மறைக்கும். போனைப் பூட்டினால் கூட்டாளியின் போன் இருக்கிறது. அதனால் இந்த வெள்ளிக்கிழமையோ ஞாயிற்றுக்கிழமையோ பிள்ளைக்குப் பக்கத்தில் இருந்து ஒரே ஒரு எபிசோட் பாருங்கள், இருபத்துநாலு நிமிஷம்தான். பிடிக்காவிட்டால் ஏன் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள். பெயர் தெரியாமல் ஏசுவதைவிட, பெயர் தெரிந்து "இது உனக்கு வேண்டாம் மகன்" என்று சொன்னால் பிள்ளை கேட்கும்.

உங்கள் பிள்ளை பார்ப்பதன் பெயரைக் கீழே எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். தெரியாததை என் வகுப்புப் பிள்ளைகளிடம் கேட்டுச் சொல்கிறேன்.