எல்லவுக்கு வருவோர் காணாமற் செல்வது

சிங்களத்தில் ஒன்பது சிகரங்கள் எனப் பொருள்படும் நமுனுகுல மலை, 2,036 மீற்றர் உயரத்தில் ஊவாவின் தேயிலைத் தோட்டங்களுக்கு மேல் எழுந்து நிற்கின்றது. அதன் அயலில் உள்ள எல்ல என்னும் சிற்றூர், இன்று உலகின் பல திசைகளிலிருந்தும் உல்லாசப் பயணிகளை ஈர்க்கும் தலமாகியுள்ளது. இருப்பினும் கடந்த காலத்தில் இப்பிரதேசம் செய்திகளில் இடம்பெற்றது அழகின் காரணமாக மட்டுமல்ல. 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல – வெல்லவாய வீதியில் பள்ளத்தில் வீழ்ந்த பஸ் விபத்தில், சுற்றுலா முடித்துத் தங்காலைக்குத் திரும்பிக்கொண்டிருந்தவர்களுள் குறைந்தது 15 பேர் உயிரிழந்தனர். மூன்று மாதங்கள் கழிவதற்குள் டித்வா சூறாவளி நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் காவுகொண்டபோது, பதுளை மாவட்டம் மிக மோசமாகப் பாதிப்புற்ற மாவட்டங்களுள் ஒன்றாயிற்று.

இத்தகையதொரு நிலத்திற்கு வரும் பயணிக்கு நாம் எதனைக் காட்டுகின்றோம், எதனை மறைத்துவிடுகின்றோம் என்ற கேள்வியை எழுப்புவதற்கு இதுவே தருணம் என நாம் கருதுகின்றோம்.

எல்ல நகருக்கு அண்மையில் உள்ள இராவணன் குகையை எடுத்துக்கொள்வோம். சீதையை இராவணன் சிறைவைத்த இடம் இதுவென வழிகாட்டிகள் கூறுவர். ஐதீகத்தை எவரும் பழிக்க வேண்டியதில்லை. அதற்கென ஓர் இடம் உண்டு. ஆனால், தேசிய நூதனசாலைகளின் பணிப்பாளராக விளங்கிய பி. ஈ. பி. தெரணியகல 1940களில் ஆராய்ந்த குகைகளுள் இதுவும் ஒன்றென்பதையும், வரலாற்றுக்கு முந்திய மனிதரின் எச்சங்களும் கற்கருவிகளும் இங்கு கிடைத்தன என்பதையும் மூச்சிரைக்கப் படியேறி வருவோருள் எத்தனை பேர் அறிவர்? மலையகத்தின் பாறைகள் மிகத் தொன்மையானவை. ஆழத்தில் பெருவெப்பத்தாலும் அமுக்கத்தாலும் உருமாறியவையாதலின் அவற்றில் உயிர்ச்சுவடுகளைத் தேடிப் பயனில்லை. பாறைக்குள் இல்லாத சான்றைக் குகைத் தரையின் மண்ணே பேணிவைத்தது. அயலிலுள்ள பண்டாரவளையின் குன்றுகளிலும் பளிங்குக் கல்லில் செதுக்கப்பட்ட நுண்கருவிகள் பெருமளவில் சேகரிக்கப்பட்டுள்ளன. களுத்துறை மாவட்டத்தின் பாஹியன் குகையில் மனித வாழ்வின் தடயங்கள் ஏறத்தாழ 45,000 ஆண்டுகள் பின்செல்கின்றன. பலாங்கொடை மனிதன் என நாம் அழைக்கும் அந்த மூதாதையருக்கு இன்றைய இனப்பெயர் எதுவும் பொருந்தாது. ‘யார் முதலில் வந்தவர்’ என்று அடிக்கடி சச்சரவிடும் இந்நாட்டில், இதனை மும்மொழிகளிலும் எழுதிவைப்பதற்குச் செலவு அதிகமாகாது.

பிந்திய வரலாறும் அவ்வாறே பேசப்படாமல் கிடக்கின்றது. தாழ்நிலத்தையும் மேட்டுநிலத்தையும் இணைக்கும் கணவாய்களினூடாகப் பொதிமாடுகளை ஓட்டிச் சென்று, உப்பையும் கருவாட்டையும் மேலேற்றிப் பாக்கைக் கீழிறக்கிய தவளம் வணிகருள் முஸ்லிம்கள் முக்கியமானவர்கள். 1817இல் வெல்லஸ்ஸவில் ஹாஜி மரிக்காரை ஆங்கிலேயர் முகாந்திரமாக நியமித்தமை ஊவாக் கிளர்ச்சிக்கு உடனடிக் காரணங்களுள் ஒன்றாகியது. அந்தக் கிளர்ச்சி அடக்கப்பட்ட விதம் வேறொரு கொடுங்கதை.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் இடையே 1921இல் திறக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலத்தில் இன்று புகைப்படம் எடுக்காதோர் இல்லை. தெமோதரையில் புகையிரதப் பாதை வளைந்து தன் நிலையத்தின் அடியிலேயே சுரங்கத்தினூடாகச் செல்லும் விந்தையையும் கண்டு வியக்கின்றனர். பாதை 1924இல் பதுளையை அடைந்தது. பெருந்தோட்டப் பொருளாதாரத்திற்காகவே அமைந்த அப்பாதையில் இறங்கிய தேயிலைப் பெட்டிகளுக்குப் பின்னால் தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளரின் உழைப்பு இருந்தது. பயணியின் கமராவில் தேயிலைச் செடியும் கூடையும் தெரிகின்றன. கூடையைச் சுமப்பவரின் லயன் அறை தெரிவதில்லை.

அந்த லயன் அறைகளில் பல எங்கே நிற்கின்றன என்பதே எமது பிரதான கவலை. இதே மாவட்டத்தின் கொஸ்லந்தையில் 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்த தோட்டக் குடியிருப்பு மண்ணுக்குள் புதைந்தது. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தும் மக்கள் அங்கேயே வாழ்ந்தனர். போவதற்கு அவர்களுக்கு நிலம் இருக்கவில்லை. ஏழு பேர்ச் என்றும் பின்னர் பத்து பேர்ச் என்றும் அரசுகள் மாறிமாறி வாக்குறுதியளித்தன. மறுபுறத்தில் எல்லவின் சரிவுகளை வெட்டி மாடி விடுதிகள் எழுகின்றன. மண்ணைத் தாங்கும் வேரை அகற்றி, நீர் வழிந்தோடும் பாதையை மறித்துவிட்டு, மழை பெய்ததும் இயற்கையின் சீற்றம் என்று பெயர்சூட்டுவது எமக்குப் புதிதன்று.

உல்லாசப் பயணத்துறையால் அந்நியச் செலாவணி கிடைப்பதையோ, ஊரிலுள்ள இளைஞர் பலர் தொழில் பெறுவதையோ நாம் குறைத்து மதிப்பிடவில்லை. 2022இன் நெருக்கடிக்குப் பின் நாட்டுக்கு அது மிகவும் தேவையானதே. ஆனால் சரிவில் ஒரு விடுதிக்கு அனுமதி வழங்குமுன் அதற்குக் கீழே வாழும் குடும்பங்களின் பாதுகாப்பை உறுதிசெய்வது பிரதேச சபையினதும் ஆராய்ச்சி நிறுவனத்தினதும் கடமையாகும். வெல்லவாய வீதியின் ஆபத்தான வளைவுகளுக்கு வலுவான தடுப்புகள் வேண்டும். தொல்பொருள் திணைக்களம் குகையின் வாயிலில் நம்பகமான விளக்கப் பலகையொன்றை நிறுவ வேண்டும். நுழைவுக் கட்டணங்களில் ஒரு பங்கை ஆபத்து வலயத்தில் உள்ள லயன்களின் இடமாற்றத்திற்கென ஒதுக்குமாறு ஊவா மாகாண சபை நிர்வாகத்தைக் கோருகின்றோம். அடுத்த வடகீழ்ப் பருவமழை தொடங்குமுன் அவ்விடமாற்றத்திற்கான காணிகளை அடையாளங்காணும் பணியாவது முடிவுற்றிருக்க வேண்டும்.