தார்ச் சாலைக்குப் பகை குளிரா, தண்ணீரா?

கார்த்திகை பிறந்துவிட்டால் கம்பம் பள்ளத்தாக்குச் சாலைகளுக்கு ஓய்வே கிடையாது. சபரிமலை செல்லும் வாகனங்கள் தேனி, கம்பம் வழியாக வரிசைகட்டும். கூட்டம் அதிகமாகும் நாட்களில் கம்பம்மெட்டு வழியாக ஏறி, குமுளி வழியாக இறங்கும்படி ஒருவழிப்பாதையே அமலுக்கு வரும். ஏலத் தோட்டத் தொழிலாளர்களின் ஜீப்புகளோ ஆண்டு முழுக்க அதிகாலையிலேயே மலையேறுகின்றன. இவ்வளவு வண்டிகள் ஓடும் நேரத்தில்தான் வடகிழக்குப் பருவமழையும் பெய்கிறது.

மழை ஓய்ந்ததும் பார்த்தால், அதே இடத்தில் அதே பள்ளம். 'போன வருஷம்தானே ரோடு போட்டாங்க?' என்று நாமும் புலம்பிவிட்டு நகர்ந்துவிடுகிறோம். உண்மையில் என்னதான் நடக்கிறது?

பள்ளம் பிறப்பது கோடையில்!

குளிர் நாடுகளில், விரிசலில் புகும் நீர் பனிக்கட்டியாக உறைந்து சுமார் 9 சதவிகிதம் விரிவடையும். அந்த அழுத்தத்தில் சாலை பிளக்கும். மேலே மூணாறில் ஜனவரியில் சில நாட்கள் உறைபனி விழுந்தாலும், கீழே பள்ளத்தாக்கில் அந்தப் பிரச்னை இல்லை. இங்கே வில்லன் தண்ணீர்தான்.

கோடை வெயிலில் தார் மெல்ல மெல்ல இறுகி, நெகிழ்வை இழக்கிறது. முடி போன்ற விரிசல்கள் விழுகின்றன. மழைநீர் அதற்குள் இறங்குகிறது. ஜல்லிக்குத் தாரைவிடத் தண்ணீரோடு ஒட்டுதல் அதிகம். இடையில் நீர் புகுந்தால் தார் உரிந்துவிடும். பேருந்தின் சக்கரம் ஏறும்போது உள்ளே இருக்கும் நீர் அழுத்தப்பட்டு, ஜல்லியைப் பெயர்த்துத் தள்ளுகிறது. அடியில் உள்ள மண்ணும் ஊறி பலமிழக்கிறது. டிசம்பரில் நாம் பார்க்கும் பள்ளத்தின் விதை, மே மாதமே விழுந்துவிட்டது.

மாறிப்போன மழை

காற்றின் வெப்பம் 1 டிகிரி செல்சியஸ் உயர்ந்தால், அது சுமார் 7 சதவிகிதம் கூடுதல் நீராவியைத் தாங்கும். அதனால், பெய்யும்போது கொட்டித் தீர்க்கிறது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ மழை பதிவானது. தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களில் சாலைகள் துண்டிக்கப்பட்டன. 2021-ல் பொங்கல் சமயத்தில்கூட கனமழை பெய்து, டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல் சாய்ந்தது.

மழை தை மாதம் வரை நீண்டால் சாலைக்கு இரட்டை அடி. மழையிலோ ஈரத் தரையிலோ சூடான தார்க் கலவை போடக் கூடாது என்பது விதி. ஆக, பள்ளம் பெருகும். பழுது பார்க்கும் நாட்கள் குறையும்.

மலைப்பாதையில் இன்னும் சிக்கல். போடிமெட்டின் 17 கொண்டை ஊசி வளைவுகளிலும் ஒரு பக்கம் மலை, மறுபக்கம் சரிவு. ஓரக் கால்வாய் அடைபட்டால், வெள்ளம் சாலையையே ஓடையாக்கி, சரிவுப் பக்க விளிம்பை அரித்துவிடும்.

என்ன செய்யலாம்?

சிம்பிளான மருந்து, தண்ணீரைச் சாலையில் நிற்கவிடாமல் செய்வதுதான். ஐப்பசிக்கு முன்பே ஓரக் கால்வாய்களையும் சிறுபாலங்களையும் தூர்வார வேண்டும். விரிசலை, பள்ளமாகும் முன்பே அடைத்துவிட வேண்டும். நடுவில் சற்று உயர்ந்து இருபுறமும் சரியும் வாட்டத்தை, ஒவ்வொரு முறை தார் போடும்போதும் காக்க வேண்டும்.

பக்கத்து மதுரையிலேயே இன்னொரு வழியும் பிறந்தது. தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் ஆர்.வாசுதேவன், கழிவு பிளாஸ்டிக்கைச் சூடான ஜல்லியின் மேல் பூச்சாகப் படியவைத்துப் பிறகு தார் கலக்கும் முறையைக் கண்டுபிடித்தார். அந்தப் பூச்சு, ஜல்லிக்கும் தாருக்கும் இடையே நீர் புகுவதைத் தடுக்கிறது. 2018-ல் அவருக்கு பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. ஆனால், எந்தச் சாலையானாலும் வடிகால் அடைத்திருந்தால் பாடுதான்.

கம்பத்திலிருந்து க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸில் வரும் கர்ப்பிணிக்கு ஒவ்வொரு பள்ளமும் ஒரு வலி. லாரியில் போகும் பன்னீர் திராட்சைக்கு ஒவ்வொரு குலுக்கலும் ஒரு நஷ்டம்.

2023-ல் தமிழக நெடுஞ்சாலைத் துறை கொண்டுவந்த 'நம்ம சாலை' செயலியில் பள்ளத்தைப் படமெடுத்துப் புகார் செய்யலாம். படமெடுக்கும்போது, பக்கத்தில் கால்வாய் அடைத்திருக்கிறதா என்றும் பாருங்கள். அதைச் சரிசெய்யாமல் பள்ளத்தை மட்டும் மூடினால், அடுத்த கார்த்திகைக்கு அதே பள்ளம் அங்கேயே காத்திருக்கும்!