புதையல் எடுக்கப் போறீங்களா சார்?

மாதம் இருபத்தாறு நாள் ஆபீஸ் ரிஜிஸ்தரில் கையெழுத்துப் போடுகிற ஆசாமி, மிச்சமிருக்கும் ஞாயிற்றுக்கிழமையில் வெயிலில் அலைந்து, புதருக்குள் கையை விட்டு, ஒரு பிளாஸ்டிக் டப்பாவை எடுத்து, அதற்குள் இருக்கும் நோட்டிலும் ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வருகிறார். இந்த விளையாட்டுக்குப் பெயர் ஜியோகேஷிங். டப்பாவை ஒளித்தவர் அது இருக்கும் இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகையை மட்டும் ஊருக்குச் சொல்வார். மற்றபடி உங்கள் சாமர்த்தியம், உங்கள் கையில் இருக்கும் ஜிபிஎஸ் கருவியின் சாமர்த்தியம். பரிசு? ஒன்றுமில்லை. டப்பாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிட வேண்டும்.

ஆடிட்டர் ஆபீஸில் வேலை பார்க்கும் என் சிநேகிதன் இதை மரக்காணம் பக்கம், கூனிமேட்டில் நடத்தப் போகிறானாம். "என்ன மெஷின் வாங்கறதுன்னு மட்டும் சொல்லு. பட்ஜெட் பத்திக் கவலை இல்லை" என்றான். பட்ஜெட் பற்றிக் கவலையில்லாத ஆடிட்டரை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

இடத்தை நன்றாகத்தான் பிடித்திருக்கிறான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பாண்டிச்சேரி போகிறவர்கள் கூனிமேட்டை நாலாவது கியரில் கடந்துவிடுகிறார்கள். 1682 முதல் 1698 வரை அங்கே கிழக்கிந்தியக் கம்பெனிக்கு ஒரு பண்டகசாலை இருந்தது. வெள்ளைக்காரன் வாயில் ஊர்ப்பெயர் 'கானிமியர்' ஆகிவிட்டதால் நமக்கு அடையாளம் தெரியவில்லை. பிறகு கம்பெனி கடையைக் கட்டிக்கொண்டு கடலூருக்குப் போய்விட்டது.

"அப்ப நிஜமாவே ஏதாவது புதைச்சு வச்சிருப்பானோ?" என்று சிநேகிதனுக்குக் கண் விரிந்தது. விரிய வேண்டாம். 1878ஆம் வருஷத்துப் புதையல் சட்டப்படி, மண்ணில் மறைந்து கிடந்த பொருள் உங்களுக்குக் கிடைத்து, அது பத்து ரூபாய்க்கு மேல் பெறுமென்றால், கலெக்டருக்கு எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். சொல்லாமல் அமுக்கினால் ஒரு வருஷம் வரை உள்ளே. பத்து ரூபாய்க்கு இன்றைக்கு நல்ல டீ கூடக் கிடைப்பதில்லை, ஆனால் சட்டத்தில் தொகை அப்படியே நிற்கிறது. ஆகவே டப்பாவோடு நிறுத்திக்கொள்வோம். தோண்டுகிற வேலையே வேண்டாம்.

அந்த 1682ல் கூனிமேட்டுக்கு வந்த கப்பல்காரனுக்குச் சூரியனை அளந்து அட்சரேகை தெரியும். தீர்க்கரேகை உத்தேசம்தான். அதற்குக் கடலில் ஆட்டம் காணாத கடிகாரம் வேண்டும். ஜான் ஹாரிசன் செய்த முதல் கடல் கடிகாரத்தைக் கப்பலேற்றிச் சோதித்ததே 1736ல்தான். ஜிபிஎஸ்ஸும் அடிப்படையில் கடிகார வியாபாரமே. ஒவ்வொரு சாட்டிலைட்டும் தன் மணியைச் சொல்லிக்கொண்டே இருக்கிறது. அந்தச் செய்தி வந்து சேர ஆன நேரத்தை வைத்து உங்கள் கருவி தூரத்தைக் கணக்கிடுகிறது. ஒரு வினாடியின் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினால் 300 மீட்டர் போச்சு.

அமெரிக்க ராணுவம் வேண்டுமென்றே இந்தக் கணக்கைக் கலைத்து வைத்திருந்த காலம் ஒன்று உண்டு. பொதுஜனத்துக்கு 100 மீட்டர் வரை தப்புக் காட்டும். 2000 மே தொடக்கத்தில் கிளிண்டன் அரசாங்கம் அந்தக் கலப்படத்தை நிறுத்தியது. மே 3ஆம் தேதியே டேவ் உல்மர் என்கிறவர் ஆரிகன் மாநிலத்தில் ஒரு கறுப்பு வாளியை ஒளித்து வைத்து விளையாட்டைத் தொடங்கிவிட்டார். அதற்கு முன் ஏன் யாருக்கும் தோன்றவில்லை? பி.காம். கணக்கே போதும். 100 மீட்டர் ஆரம் என்றால் ஏழே முக்கால் ஏக்கரில் டப்பா தேட வேண்டும். 5 மீட்டர் என்றால் 79 சதுர மீட்டர். நடுத்தர வர்க்கத்து வீட்டளவு. அதில் சாவிக்கொத்தைத் தேடிப் பழகியவர்கள்தானே நாம்?

சரி, கருவி. முதலில் ஒரு அதர்மமான யோசனை: ஒன்றும் வாங்காதீர்கள். உங்கள் செல்போனுக்குள் ஜிபிஎஸ் இருக்கிறது. டவர் இல்லாவிட்டாலும் வேலை செய்யும், மேப்பை மட்டும் முன்கூட்டியே இறக்கி வைத்திருந்தால் போதும். பத்து டப்பாவாவது செல்போனில் கண்டுபிடித்துவிட்டு, அப்புறமும் ஆசை அடங்காவிட்டால் கடைக்குப் போங்கள்.

கடைக்காரர் மேப் எத்தனை, மெமரி எவ்வளவு, கலர் எத்தனை என்றெல்லாம் சொல்லுவார். கூனிமேட்டுக் குப்பத்தில் ஃபைபர் போட் வைத்திருக்கும் ஒருவரைக் கேட்டேன். நம் கடற்கரையில் கைக்கருவி ஜிபிஎஸ் வைத்து வயிறு வளர்ப்பவர்கள் மீனவர்கள்தான். விளையாட்டுக்கு வாங்குகிறவன் அவர்களிடம் கேட்பதுதான் புத்தி.

"டச்சு ஸ்கிரீன் வேணாம் தம்பி. நம்ம கை ஈரம், உப்பு வேற. தொட்டா அது இஷ்டத்துக்கு எங்கியோ போவுது. பட்டன் இருக்கணும்" என்றார்.

"அப்புறம்ணே?"

"வெயில்ல எழுத்து தெரியணும். தண்ணில வுழுந்தா மெதக்கணும். பாட்டரி பொட்டிக்கடையில கெடைக்கணும். வேற என்னா இருக்குது?"

நான் படித்த அத்தனை விமர்சனங்களையும் நாலு வரியில் முடித்துவிட்டார். பென்டார்ச் செல் இரண்டு போடுகிற கருவியாக வாங்கினால், தீர்ந்தால் மாற்றிக்கொண்டு நடக்கலாம். உள்ளேயே பாட்டரி வைத்து மூடியதென்றால் சவுக்குத் தோப்பில் பிளக் பாயின்ட்டுக்கு எங்கே போவீர்கள்? மிதப்பது கடலில் போகிறவர்களுக்கு அவசியம். கரையில் நடக்கிற நமக்கு, ஒரு மீட்டர் தண்ணீரில் அரை மணி தாங்கினால் போதும்.

அவருக்குத் தேவைப்படாத, நமக்கு மட்டும் வேண்டிய சமாசாரம் ஒன்று உண்டு. மலிவான கருவியில் பெரும்பாலும் திசைகாட்டி கிடையாது. நடந்தால்தான் அதற்குத் திசை தெரியும். நின்றால் அம்பு பேயாடும். படகு ஓடிக்கொண்டே இருப்பதால் பாதகமில்லை. நாமோ டப்பாவுக்குப் பத்தடி தள்ளி நின்று தலையைச் சொறிகிறவர்கள். கார்மின் கம்பெனியின் ஈட்ரெக்ஸ் வரிசையில் 22எக்ஸுக்கும் 32எக்ஸுக்கும் விலை வித்தியாசம் முக்கியமாக இந்தத் திசைகாட்டிக்கும், காற்றழுத்தம் வைத்து உயரம் சொல்லும் வசதிக்கும்தான். கூனிமேட்டில் உயரம் என்று ஒன்றும் இல்லை. திசைகாட்டிக்குக் கொடுக்கலாம், அல்லது அம்பு ஆடும்போது நாலடி நடக்கலாம். என் வோட்டு நடப்பதற்கே.

இனி முக்கியமான விஷயம். எண்ணை எழுதுவதில் மூன்று ஜாதி உண்டு. 12 டிகிரி 5.500 நிமிடம் என்று ஒருவர் சொன்னதை 12 டிகிரி 5 நிமிடம் 50 வினாடி என்று அடித்தால் 600 மீட்டர் தள்ளி நிற்பீர்கள். 12.05500 டிகிரி என்று அடித்தால் நாலு கிலோமீட்டர். கருவி பொய் சொல்லாது. நீங்கள் கேட்ட இடத்துக்குக் கச்சிதமாகக் கொண்டுபோய் விடும். விளையாட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீண், அவ்வளவுதான். இஞ்சின் நின்றுபோன படகிலிருந்து கடலோரக் காவல்படையின் 1554க்குச் சொல்லும்போது இதே தவறு நேர்ந்தால், தேடுகிற கப்பல் நாலு கிலோமீட்டருக்கு அப்பால் வெறும் தண்ணீரைச் சுற்றிக்கொண்டிருக்கும். கருவி வாங்கிய அன்றே செட்டிங்கில் மூன்றையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பாருங்கள்.

'டேட்டம்' என்று இன்னொரு செட்டிங் இருக்கும். நம் பழைய சர்வே மேப்புகள் எவரெஸ்ட் கணக்கில் போட்டவை. சென்னை பரங்கிமலைப் பக்கம் 1802ல் லாம்டன் துரை நூல் பிடித்துத் தொடங்கிய மகா அளவை வேலையின் வாரிசுகள். ஜிபிஎஸ்ஸுடைய கணக்கு டபிள்யூஜிஎஸ் 84. இரண்டையும் குழப்பினால் நூறு மீட்டருக்கு மேலேயே தள்ளிப் போகும். 84லேயே விட்டுவிட்டு மறந்துவிடுங்கள்.

படகுக்கார அண்ணனின் கருவியில் கடலடிப் பாறைகள், மூழ்கிய படகுகள், வலை கிழிகிற இடங்கள், மீன் கூடுகிற இடங்கள் எல்லாம் எண்களாக இருக்கின்றன. அவர் அப்பா காலத்தில் கரையிலுள்ள பனைமரத்தையும் கோபுரத்தையும் ஒரே கோட்டில் வைத்துக் கண்ணால் பிடித்த இடங்கள். கரை மறைந்தால் அந்தக் கணக்கும் மறையும். ஹைதராபாத்திலுள்ள இன்காய்ஸ் நிறுவனம் மீன் கிடைக்கக்கூடிய பகுதிகளை எல்லோருக்கும் பொதுவாக அறிவிக்கிறது. இவர் வைத்திருப்பது சொந்தக் கணக்கு. "எத்தனை எடம்ணே வச்சிருக்கீங்க?" என்று எட்டிப் பார்த்தேன். கருவியை ஆஃப் செய்து மடியில் கட்டிக்கொண்டார். "பேங்க்கு பாஸ்புக்க யாராச்சும் காட்டுவாங்களா தம்பி?"

கடைசியாக, பட்ஜெட் பற்றிக் கவலையில்லாதவர்களுக்கு. விலை உயர்ந்த சில கருவிகள் சாட்டிலைட் சொல்வதைக் கேட்பதோடு நிற்காமல், சாட்டிலைட்டுக்கு மெசேஜும் அனுப்பும். கார்மின் இன்ரீச் அந்த ரகம். வெளிநாட்டில் மலையேறுகிறவர்களின் உயிர்த்தோழன். இந்தியாவில் அனுமதி இல்லாமல் வைத்திருந்தால் கேஸ். 2024 டிசம்பரில் கோவா ஏர்போர்ட்டில் கனடாக்காரப் பெண்மணி ஒருவர் இப்படித்தான் மாட்டினார். அமெரிக்காவிலிருந்து வரும் மச்சான் "சூப்பர் மாடல் வாங்கிட்டு வரட்டுமா?" என்றால், "கேக்க மட்டும் தெரிஞ்சா போதும், பேசத் தெரிய வேண்டாம்" என்று சொல்லிவிடுங்கள்.

2008 நவம்பர் 26ல் பம்பாய்க்குக் கடல் வழியாக வந்தவர்களும் கையில் ஜிபிஎஸ்ஸோடுதான் வந்தார்கள். ஆகவே கடற்கரையில் கருவியைப் பார்த்துப் பார்த்து நடக்கும் பேண்ட்-சட்டை ஆசாமியை ஊர் சந்தேகப்படுவதில் தப்பே இல்லை. ஊர்ப் பெரியவர்களிடமும் போலீஸ் ஸ்டேஷனிலும் சொல்லிவிட்டு ஒளியுங்கள். இங்கிலாந்தில் வெதர்பி என்ற ஊரில் 2011ல் ஒரு டப்பாவை வெடிகுண்டு என்று நினைத்து நிபுணர்களை வரவழைத்து வெடித்தே விட்டார்கள். நமக்கு வடக்கே கல்பாக்கம் வேறு இருக்கிறது. டப்பா கண்ணாடி மாதிரி உள்ளே தெரிகிறதாக இருக்கட்டும்.

உப்பளத்துக்குள் ஒளிக்காதீர்கள். வானம் திறந்திருப்பதால் சிக்னல் பிரமாதமாக வரும், வாஸ்தவம். ஆனால் பத்துப் பேர் ஷூ காலோடு வரப்பில் ஏறினால் பாத்தி உடையும். அதை மறுபடி மிதித்துக் கட்டுகிறவருக்கு அன்றைய கூலியை யார் கொடுப்பது? சவுக்குத் தோப்பு ஓரம், அதுவும் சொந்தக்காரரைக் கேட்டுவிட்டு.

வீடு திரும்பியதும் கருவியை நல்ல தண்ணீரில் அலசித் துடைத்து, செல்களைக் கழற்றி வையுங்கள். உள்ளேயே விட்டால் செல் கசிந்து, மரக்காணத்து உப்புக் காற்றும் சேர்ந்துகொண்டு, ஆறு மாதத்தில் ஸ்பிரிங் பச்சையாகப் பூத்திருக்கும்.