வெட்டின கம்பளியா, பிடுங்கின கம்பளியா?

'மிட் செஞ்சுரி மாடர்ன்' என்ற சொல் நம் வீட்டு அலங்காரக்காரர்களிடம் மாட்டிக்கொண்டு படாத பாடு படுகிறது. குச்சிக் கால் சோபா, ஒரு தோல் நாற்காலி, கீழே கையால் முடிச்சுப் போட்ட கம்பளிக் கம்பளம். அவ்வளவுதான், வீடு 1956-க்குப் போய்விடும். அந்தக் கம்பளத்தை விற்பவர்கள் தவறாமல் சொல்வது இரண்டு வார்த்தை: "நேச்சுரல் சார், ஹேண்ட்மேட்." இரண்டோடும் எனக்குத் தகராறு உண்டு. நான் மேல்விஷாரத்துக்காரன்.

கம்பளி என்றால் ஆட்டைப் பிடித்து உட்காரவைத்து வெட்டி எடுப்பது என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். அதுவும் உண்டு. ஆனால் இந்தியக் கம்பள நூலில் தோல் ஷாப் கம்பளியும் கலக்கிறது. அறுத்த செம்மறியின் தோலில், உட்பக்கமாகச் சுண்ணாம்பையும் சோடியம் சல்பைடையும் குழைத்துப் பூசுவார்கள். மடித்து அடுக்கி வைத்தால் ரோமத்தின் வேர் இளகிவிடும். பிறகு கையால் பிடுங்க வேண்டியதுதான். (நம் பக்கத்து ஆடுகளில் பெரும்பாலானவற்றுக்கு முடிதான், கம்பளி இல்லை. கம்பளித் தோல் வெளியிலிருந்து வருகிற சரக்கு.) அழுகின முட்டை நாற்றம் சட்டையை விட்டுப் போகாது. சுண்ணாம்பு நகக்கண்ணைத் தின்னும். அந்தக் கம்பளி பளபளப்புக் குறைந்தது, சீக்கிரம் முறிவது. அதனால்தான் வெட்டின கம்பளியோடு கலக்கிறார்கள். ஷோரூமில் தோலும் கம்பளியும் வேறு வேறு சாமான். எங்களுக்கு அது ஒரே ஆடு.

பாலாற்றங்கரையின் கதை ஊரறிந்தது. தோல் தொழில் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பாழானது என்ற ஆய்வை உச்ச நீதிமன்றமே 1996 தீர்ப்பில் எடுத்துச் சொன்னது. 'நேச்சுரல்' என்று சொல்கிறவர் அந்தத் தீர்ப்பை ஒருமுறை படிக்கலாம்.

அடுத்தது 'ஹேண்ட்மேட்'. யார் கை? சண்டிகர் உயர் நீதிமன்றத்துக்கு லெ கொர்புசியே பிரம்மாண்டமான கம்பளித் திரைகளை வரைந்து கொடுத்தார். எதிரொலியை அடக்க அவை நீதிமன்ற அறைகளின் சுவரில் தொங்கின. நெய்தது இந்தியக் கைகள். வரைந்தவர் பெயர் இல்லாத கட்டடக்கலைப் புத்தகம் கிடையாது. நெய்த ஒருவர் பெயரைக்கூட நான் எதிலும் பார்த்ததில்லை. ரோமம் கொடுத்த கை என்று ஒன்று இருந்ததே யாருக்கும் தோன்றியிருக்காது. ஆற்றுக்கு அந்தப் பக்கம், வாலாஜாபேட்டையிலும் ஒரு காலத்தில் கம்பளம் நெய்தார்கள். இன்றைக்கு அந்த ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்டால் "கம்பளமா, இங்கியா?" என்பார்கள்.

"அப்ப என்ன, நைலான் கம்பளம் வாங்கச் சொல்றீங்களா?" என்று ஒரு நண்பர் மடக்கினார். இல்லை. நல்ல கம்பளம் பேரன் காலம்வரை உழைக்கும், தாராளமாக வாங்குங்கள். நான் சொல்வது சீட்டைப் பற்றி. தறியில் குழந்தைகள் உட்கார்ந்திருந்ததை வெளிநாட்டு வாடிக்கையாளர்கள் கேள்வி கேட்க ஆரம்பித்ததால்தான் 1994-இல் ரக்மார்க் முத்திரை வந்தது. ஏற்றுமதியாளர் யாரும் தூக்கத்திலிருந்து விழித்து, மனசு மாறி ஒட்டினதில்லை. தறி வரைக்கும் போன கேள்விக்கு, அங்கிருந்து சுண்ணாம்புத் தொட்டி வரைக்கும் வர ஏன் இத்தனை வருஷம்?

முடிச்சு எத்தனை, சாயம் என்ன என்று கேட்கிறீர்கள். கூடவே இதையும் கேளுங்கள்: வெட்டின கம்பளியா, பிடுங்கின கம்பளியா? எந்த ஊர்? கையுறை கொடுத்தார்களா? கடைக்காரருக்குத் தெரியாது என்றால் நூல் கொடுத்தவருக்குத் தெரியும். அவரிடம் போன் இருக்கிறது.