வீடு அமெரிக்காவில், கூலி ஆசியாவில்!

அமெரிக்காவில் வாடகை வீடு தேடுகிறவர் இன்று முதலில் பார்ப்பது இணையத்தில் வரும் விளம்பரங்களைத்தான். சான்பிரான்சிஸ்கோ நகரில் 1995-ல் தொடங்கிய கிரெய்க்ஸ்லிஸ்ட் என்ற வரி விளம்பரத் தளம் இதில் பெயர் பெற்றது.

அந்த விளம்பரங்களைப் போடுவது யார்? வீட்டுச் சொந்தக்காரரா? புரோக்கரா? பல சமயம் இருவரும் அல்ல. பிலிப்பைன்ஸிலும் இந்தியாவிலும் வங்கதேசத்திலும் வீட்டு மூலையில் கண் விழித்து உட்கார்ந்திருக்கும் பீஸ் ரேட் கூலியாள்தான்!

இது நடக்கும் விதத்தைப் பாருங்கள். புதிதாக வந்த விளம்பரம் மேலே நிற்கும். பழையது கீழே இறங்கிவிடும். ஆகவே புரோக்கர்கள் ஒரே வீட்டைத் திரும்பத் திரும்பப் போட்டார்கள். இதைத் தடுக்க நியூயார்க்கில் 2006-ல் புரோக்கர் விளம்பரம் ஒன்றுக்கு 10 டாலர் கட்டணம் வந்தது. கோணல் எழுத்துக்களைப் படித்துச் சொன்னால்தான் உள்ளே விடுவோம் என்று பூட்டும் போட்டார்கள். அந்தப் பூட்டைத் திறக்க மனிதரின் கண்ணும் கையும் வேண்டும். அவை மலிவாகக் கிடைப்பது எங்கே? வறுமை இருக்கும் இடத்தில்!

கோணல் எழுத்துப் படிக்க என்ன கூலி? 1,000 முறை படித்தால் 80 சென்ட் முதல் 1 டாலர் 20 சென்ட் வரை என்று 2010-ல் நியூயார்க் டைம்ஸ் பத்திரிகை எழுதியது. ஆயிரம் முறை கண்ணைக் கசக்கினால், அன்றைய மதிப்பில் ஐம்பது ரூபாய்கூடத் தேறுவது சந்தேகம்!

விளம்பரம் போடும் வேலையிலும் இதே கதைதான். தளத்தில் நிலைத்து நிற்கும் விளம்பரத்துக்கே கூலி. தளம் அழித்துவிட்டால் காசு இல்லை என்பது பலர் வைக்கும் நிபந்தனை. விதியை மீறச் சொல்பவர் புரோக்கர், தண்டனை கூலியாளுக்கு! பீடி சுற்றும் நம் சகோதரிகள் இந்தத் தந்திரத்தை அறிவார்கள். கண்டிராக்டர் "கழிவு" என்று ஒதுக்கிய பீடிக்கு என்றைக்குக் கூலி கிடைத்தது?

"படித்துவிட்டுச் சும்மா இருப்பவனுக்கு ஏதோ வேலை கிடைக்கிறதே" என்பார்கள். வேலை வேண்டாம் என்று யார் சொன்னது? ஆலையில் கூலி பிடித்தால் கேட்டில் நின்று கேட்கலாம். வயலில் அளவு குறைந்தால் களத்தில் நின்று கேட்கலாம். முகம் தெரியாத எஜமானிடம் வேலை செய்பவர் எந்த வாசலில் நிற்பார்?

சரி, இந்த மலிவுக் கூலியின் பலன் அங்கே குடியிருப்பவருக்காவது போய்ச் சேர்ந்ததா? நியூயார்க்கில் வீட்டுக்காரர் அமர்த்திய புரோக்கருக்குக்கூட, குடி வருகிறவரே ஆயிரக்கணக்கான டாலர் கமிஷன் கட்டி வந்தார். ஜனங்களின் எதிர்ப்பு வலுத்தது. புரோக்கரை அமர்த்தியவரே கமிஷன் கொடுக்க வேண்டும் என்று 2024 நவம்பரில் நகர மன்றம் சட்டம் நிறைவேற்றியது. 2025 ஜூனில் அது அமலுக்கு வந்தது.

அமர்த்தியவரே கொடு! இந்த நியாயம் குடியிருப்பவருக்குப் பொருந்தும் என்றால் கூலியாளுக்குப் பொருந்தாதா? போட்ட ஒவ்வொரு விளம்பரத்துக்கும் கூலி வேண்டும். அழிக்கப்பட்டால் அந்த நஷ்டம் அமர்த்தியவரைச் சேர வேண்டும். ஆள் பிடித்துக் கொடுத்துக் கமிஷன் எடுக்கும் இணைய நிறுவனம் அந்தக் கூலிக்கு ஜவாப்தாரியாக வேண்டும்.

வீட்டிலிருந்து வேலை செய்பவரும் தொழிலாளியே என்பதை நம் நாட்டில் 1966-ம் ஆண்டு பீடி, சுருட்டுத் தொழிலாளர் சட்டம் ஒப்புக்கொண்டது. பீடித் தட்டுக்குப் பொருந்திய நியாயம் கணினிக்கும் பொருந்தும். அந்த மூலையில் உட்கார்ந்திருப்பவர் நாளை உங்கள் வீட்டுப் பிள்ளையாக இருக்கலாம். அவரும் தொழிலாளி என்பதை முதலில் நாம் சொல்லுவோம். பிறகு சர்க்காரைச் சொல்ல வைப்போம்!