சுருதி சேர்ப்பது காதின் வேலை

உளுந்தூர்பேட்டையில் கிதார் பழகும் சிறுவன், செல்பேசியில் பச்சை விளக்கு எரிந்ததும் சுருதி சேர்ந்துவிட்டதென நிறைவடைகிறான். பிழையில்லை, ஆனால் அவன் காது எதையும் கற்கவில்லை.

ஆறாம் தந்தியை ஐந்தாம் மெட்டில் அழுத்தி, ஐந்தாம் தந்தியை அழுத்தாமல், இரண்டையும் ஒருசேர மீட்டுங்கள். சுருதி சற்றே விலகியிருந்தால் ஒலி விம்மி விம்மித் தணியும். முறுக்காணியைத் திருப்பத் திருப்ப விம்மல் தளர்ந்து மறையும், அதுவே இணக்கம். இப்படித் தந்திக்குத் தந்தி தாவும்போது சிறுபிழைகள் சேர்ந்து பெருகக்கூடும் என்பது மெய்தான். ஆகவே செல்பேசியைக் கடைசியில் எடுங்கள், சரிபார்க்க மட்டும்.

எங்கள் பக்கத்துத் தெருக்கூத்தில் மிருதங்கக்காரர் ஆர்மோனியத்தின் சுருதிக்குத் தோலைத் தட்டித் தட்டிச் சேர்ப்பார். அங்கே விளக்கு ஏது? இளி என்னும் பஞ்சம உறவைக் கேட்டே யாழ் நரம்புகளை இசைத்த மரபு நம்முடையது. விபுலாநந்தரின் 'யாழ் நூல்' (1947) அதன் கணக்கை ஆராய்ந்தது. கணக்கு நூலில் இருக்கிறது. காதை நாம்தான் பழக்க வேண்டும்.