கிசான் கார்டு வாங்கியவருக்கு வீடு கிடையாதா?

நல்லம்பள்ளியிலோ காரிமங்கலத்திலோ ஒரு ஏக்கரில் தக்காளி போட்டிருக்கிறீர்கள். கூட்டுறவுச் சங்கத்திலோ வங்கியிலோ கிசான் கிரெடிட் கார்டு வாங்கியிருக்கிறீர்கள். அந்த அட்டையின் கடன் வரம்பு 50,000 ரூபாய் அல்லது அதற்கு மேல் இருந்தால், மத்திய அரசின் ஊரக வீட்டு வசதித் திட்டத்தில் உங்களுக்கு வீடு கிடையாது. நீங்கள் குடியிருப்பது மண் சுவரும் நாட்டு ஓடும் போட்ட வீடாக இருக்கலாம். ஐப்பசி மழையில் கேழ்வரகு மூட்டையை நனையாமல் காக்க மூலைக்கு மூலை இழுத்து வைப்பவராக இருக்கலாம். அப்படியானாலும் கிடையாது.

இதை எந்த அதிகாரியும் தன் விருப்பத்துக்குச் சொல்லவில்லை. திட்டத்தின் விதியே அப்படித்தான் இருக்கிறது. ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் இந்தத் திட்டம் விவாதிக்கப்படுகிறது, ஆராயப்படுகிறது. ஆனால் மானாவாரி மாவட்டத்து விவசாயியை இந்த விதி என்ன செய்கிறது என்ற கேள்வி அங்கே போதிய அளவு எழவில்லை. அதை எழுப்ப வேண்டியவர்கள் நாம்தான்.

விதி சொல்வது என்ன?

இந்திரா நினைவு குடியிருப்புத் திட்டத்துக்குப் பதிலாக 2016-இல் வந்தது பிரதமரின் ஊரக வீட்டு வசதித் திட்டம். குறைந்தது 25 சதுர மீட்டர், அதாவது சுமார் 269 சதுர அடி வீடு. சமவெளிப் பகுதியில் ஒரு வீட்டுக்கு 1.20 லட்சம் ரூபாய். இதில் மத்திய அரசின் பங்கு 60 சதவீதம், 72,000 ரூபாய். மீதி 48,000 ரூபாயுடன், கான்கிரீட் கூரைக்கென்று தமிழக அரசு தனியாக 1.20 லட்சம் ரூபாய் சேர்த்துத் தருகிறது.

யாருக்கு வீடு இல்லை என்று சொல்ல முதலில் 13 விலக்கு விதிகள் இருந்தன. இவை 2011 சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பிலிருந்து எடுத்தவை. இரு சக்கர வண்டி இருந்தால் வீடு இல்லை, குளிர்சாதனப் பெட்டி இருந்தால் இல்லை, தரைவழித் தொலைபேசி இருந்தால் இல்லை. 2024-இல் இவற்றைத் தளர்த்தி 10 விதிகளாகக் குறைத்தார்கள். வண்டியும் குளிர்சாதனப் பெட்டியும் தொலைபேசியும் நீங்கின. மாத வருமான வரம்பு 10,000 ரூபாயிலிருந்து 15,000 ரூபாயாக உயர்ந்தது. இது வரவேற்க வேண்டிய மாற்றம். டி.வி.எஸ். எக்ஸெல் இல்லாமல் தக்காளிக் கூடையைப் பாலக்கோடு சந்தைக்கு எப்படிக் கொண்டுபோவது?

ஆனால் விவசாயியைத் தொடும் இரண்டு விதிகளைப் பாருங்கள்.

முதலாவது, கிசான் கார்டு. 2011 கணக்கெடுப்பில் இருந்த அதே 50,000 ரூபாய் வரம்பு அப்படியே நிற்கிறது.

இரண்டாவது, நிலம். பழைய விதிகளில் நில அளவோடு பாசனமும் சேர்த்துப் பார்க்கப்பட்டது. இரண்டரை ஏக்கர் பாசன நிலமும் ஒரு பாசனக் கருவியும் இருந்தால் விலக்கு. இரு போகம் பாசனம் பெறும் 5 ஏக்கர் இருந்தால் விலக்கு. ஏழரை ஏக்கர் நிலமும் ஒரு பாசனக் கருவியும் இருந்தால் விலக்கு. கிணறும் மோட்டாரும் இல்லாமல் 6 ஏக்கர் மானாவாரி வைத்திருந்தவர் இந்த மூன்றிலும் சிக்கவில்லை. புதிய விதி இரண்டு வரிதான்: பாசன நிலம் இரண்டரை ஏக்கர் அல்லது அதற்கு மேல், பாசனமில்லாத நிலம் 5 ஏக்கர் அல்லது அதற்கு மேல். அந்த 6 ஏக்கர் மானாவாரி விவசாயி இப்போது வெளியே போய்விட்டார். விதிகளின் எண்ணிக்கை குறைந்தது. மானாவாரிக்காரருக்கு மட்டும் விதி இறுகியது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்

கிசான் கார்டின் வரம்பை நீங்கள் கேட்டு வாங்குவதில்லை. மாவட்ட அளவிலான தொழில்நுட்பக் குழு ஒவ்வொரு பயிருக்கும் ஏக்கருக்கு இவ்வளவு என்று கடன் அளவை நிர்ணயிக்கிறது. அதை உங்கள் பரப்பால் பெருக்கி, அறுவடைக்குப் பிந்தைய செலவுக்கும் குடும்பச் செலவுக்கும் 10 சதவீதம், பண்ணைச் சொத்துகளின் பராமரிப்புக்கு 20 சதவீதம் சேர்க்கிறார்கள்.

ஒரு பயிருக்கு ஏக்கருக்கு 40,000 ரூபாய் கடன் அளவு என்று வைத்துக்கொள்வோம். பத்து சதவீதம் 4,000, இருபது சதவீதம் 8,000. மொத்தம் 52,000 ரூபாய். ஒரே ஒரு ஏக்கர் வைத்திருப்பவர் இந்தக் கணக்கிலேயே வரம்பைத் தாண்டிவிடுகிறார். தக்காளி, கரும்பு, மஞ்சள் போன்று செலவு அதிகமுள்ள பயிர்களுக்கு இது சாதாரணம். இடுபொருள் விலை ஏற ஏறக் கடன் அளவும் ஏறும். வீட்டுத் திட்டத்தின் 50,000 மட்டும் ஏறாது.

கடன் வரம்பு என்பது வருமானம் அல்ல. திருப்பிக் கட்ட வேண்டிய பணத்தின் அளவு அது. கிலோ 5 ரூபாய்க்குக்கூடத் தக்காளி போகாத வாரத்தில் அந்த அட்டை வைத்திருப்பவரிடம் இருப்பது கடன்தான், சொத்து இல்லை. அதை வசதிக்கு அடையாளமாக எடுத்துக்கொள்வது உழவியல் கணக்கிலும் சரியில்லை, பொருளாதாரக் கணக்கிலும் சரியில்லை.

இன்னொரு பக்கம், இதே மத்திய அரசு கிசான் கார்டைப் பெரிதாக்கிக்கொண்டே போகிறது. அடமானமில்லாத விவசாயக் கடனின் உச்சவரம்பு 2025 ஜனவரி 1 முதல் 1.60 லட்சத்திலிருந்து 2 லட்சம் ரூபாயானது. கிசான் கார்டில் வட்டிச் சலுகைக்கான வரம்பை 3 லட்சத்திலிருந்து 5 லட்சமாக உயர்த்துவதாக 2025-26 பட்ஜெட் அறிவித்தது. ஒரு கை அட்டையை நீட்டுகிறது, மறு கை அந்த அட்டையைக் காட்டியே வீட்டை மறுக்கிறது. 2024 ஜூன் முதல் வேளாண்மைத் துறைக்கும் ஊரக வளர்ச்சித் துறைக்கும் ஒரே அமைச்சர், சிவராஜ் சிங் சௌகான். இரு துறையும் பேசிக்கொள்ளவில்லை என்ற சாக்குக்கு இங்கே இடமில்லை.

நிலக் கணக்கும் இப்படித்தான். அரசின் வரையறைப்படி இரண்டரை ஏக்கர் வரை குறு விவசாயி, 5 ஏக்கர் வரை சிறு விவசாயி. மூன்று ஏக்கர் பாசன நிலம் வைத்திருப்பவர் வேளாண் துறையில் சொட்டுநீர் மானியம் கேட்கும்போது சிறு விவசாயி. வீடு கேட்கும்போது வசதியானவர். கோடையில் ஆயிரம் அடி ஆழ்துளைக் கிணறும் வறண்டுபோகும் ஊரில், எந்த மாதத்தை வைத்து ஒரு நிலத்தைப் பாசன நிலம் என்று எழுதுகிறார்கள்? சித்தேரி மலைச் சரிவில் ஒரு போகம் சாமை விளையும் 5 ஏக்கரும் கரிசல் காட்டில் பருத்தி விளையும் 5 ஏக்கரும் ஒன்றாகுமா? தமிழ்நாட்டின் 1961 நில உச்சவரம்புச் சட்டம்கூட நன்செயையும் புன்செயையும் ஒரே கோலால் அளக்கவில்லை. தீர்வையைப் பார்த்து, பல ஏக்கர் புன்செயை ஒரு ஸ்டாண்டர்டு ஏக்கர் என்று கணக்கிட்டது. அறுபது ஆண்டுகளுக்கு முன் தெரிந்த நியாயம் இன்று மறந்துபோனது.

பட்டியலில் இல்லாத மாவட்டம்

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழகத்திலேயே எழுத்தறிவு குறைந்த மாவட்டம் தருமபுரி, 68.5 சதவீதம். ஆனாலும் பின்தங்கிய பகுதிகளுக்கான மத்திய அரசின் பெரிய பட்டியல்களில் நமக்கு இடம் கிடைக்கவில்லை. 250 மாவட்டங்களுக்கு வந்த பின்தங்கிய பகுதிகள் மானிய நிதியில் தமிழகத்தின் 6 மாவட்டங்கள் இருந்தன, தருமபுரி இல்லை. 2018-இல் தொடங்கிய முன்னேற விழையும் மாவட்டங்கள் திட்டத்தில் தமிழகத்திலிருந்து விருதுநகரும் ராமநாதபுரமும் மட்டும் சேர்ந்தன.

அந்தப் பட்டியல்களில் இருந்தவர்களுக்கும் குறை இருக்கும், அவர்கள் மீது நமக்குப் பொறாமை இல்லை. ஆனால் தனிக் கவனம் கிடைக்காத மாவட்டத்துக்கு, பொதுத் திட்டத்தின் பொது விதியே எல்லாம். அந்த விதி மண்ணுக்குப் பொருந்தவில்லை என்றால் வேறு வழியில்லை. இடத்தைப் பார்த்துத் திட்டம் வகுத்தால் என்ன நடக்கும் என்பதற்கு நம்மிடமே சான்று உண்டு. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு என்ற இந்தப் பகுதிக்கே உரிய சிக்கலுக்காக, ஜப்பான் நிதியுதவியோடு 1,928 கோடி ரூபாயில் வந்தது ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம். பொதுவான குடிநீர்த் திட்டத்தோடு விட்டிருந்தால் அந்தத் தண்ணீர் வந்திருக்காது.

நாடாளுமன்றம் என்ன கேட்கிறது?

1993 முதல் துறைவாரியான நிலைக்குழுக்கள் நாடாளுமன்றத்தில் இயங்குகின்றன. ஒவ்வொன்றிலும் மக்களவையிலிருந்து 21 பேர், மாநிலங்களவையிலிருந்து 10 பேர். பட்ஜெட் கூட்டத்தொடரின் இடைவேளையில் துறையின் மானியக் கோரிக்கைகளை இவை ஆராய்கின்றன. துறைச் செயலாளரை அழைத்துக் கேட்கின்றன. அறிக்கை தருகின்றன. அதற்கு மூன்று மாதத்துக்குள் துறை பதில் தர வேண்டும். பரிந்துரையை ஏற்றே ஆக வேண்டும் என்ற கட்டாயம் மட்டும் இல்லை.

ஊரக வளர்ச்சி மற்றும் பஞ்சாயத்து ராஜ் நிலைக்குழு, சென்ற மக்களவையின் கடைசி ஆண்டுகளில் தூத்துக்குடி உறுப்பினர் கனிமொழி தலைமையிலும், இந்த மக்களவையில் ஒடிசாவின் கோராபுட் உறுப்பினர் சப்தகிரி உலகா தலைமையிலும் இயங்கியது. வீட்டுக்கான தொகையை உயர்த்துங்கள் என்று இந்தக் குழு திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. மனையில்லாதவர்களுக்கு மனை கிடைப்பதில் உள்ள தாமதத்தைச் சுட்டியிருக்கிறது. நல்ல பணி. ஆனாலும் 2024 ஆகஸ்ட் 9 அன்று மேலும் 2 கோடி வீடுகளுக்கு அமைச்சரவை ஒப்புதல் தந்தபோது, தொகை 2016-இல் இருந்த அதே 1.20 லட்சம்தான்.

குழுவின் கண் பெரும்பாலும் எத்தனை வீடு, எவ்வளவு பணம் என்பதில் நிற்கிறது. வீடு பெற்றவர்களின் கணக்கு அரசின் இணையதளத்தில் ஊர்வாரியாக உண்டு. எந்த விதியால் எத்தனை குடும்பம் எந்த மாவட்டத்தில் விலக்கப்பட்டது என்ற கணக்கும் அதேபோல் வெளிச்சத்துக்கு வர வேண்டும்.

'நிலமே இல்லாதவர் இருக்க, நிலம் உள்ளவருக்கு வீடா?' என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. நிலமற்ற கூலித் தொழிலாளிக்கும் மலைவாழ் குடும்பத்துக்கும்தான் முதல் வீடு போக வேண்டும், அதில் மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் வரிசையில் பின்னால் நிற்க வைப்பது வேறு, வரிசையிலேயே சேர்க்காமல் விடுவது வேறு. கிசான் கார்டு வைத்திருப்பவரைப் பத்தாவது இடத்தில் வையுங்கள். முன்னே இருப்பவர்களுக்கு வீடு முடிந்த பிறகாவது அவர் முறை வரட்டும்.

நீங்கள் செய்ய வேண்டியது

வீட்டுக்காகக் கிசான் கார்டை ஒப்படைக்க வேண்டாம், வரம்பைக் குறைக்கச் சொல்லவும் வேண்டாம். கூட்டுறவுச் சங்கத்தில் உரிய காலத்தில் கட்டினால் வட்டியில்லாத பயிர்க்கடன் அது. அதை விட்டுக் கந்துவட்டிக்குப் போனால் கிடைக்குமோ கிடைக்காதோ என்ற வீட்டுக்காக, உறுதியாக இருக்கும் நிலத்தை அடகு வைப்பதாகிவிடும்.

கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது. தருமபுரி உள்ளிட்ட பல மாவட்டங்களில் ஊராட்சிப் பிரதிநிதிகளின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5-உடன் முடிந்து, தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள். தேர்ந்தெடுத்த தலைவர் இல்லாத காலத்தில் கிராம சபையின் கேள்வி இன்னும் முக்கியம். வீட்டுப் பட்டியலை வாசிக்கும்போது, விலக்கப்பட்டவர் பெயரையும் எந்த விதிப்படி என்ற காரணத்தையும் சேர்த்து வாசிக்கச் சொல்லுங்கள். கூட்டுப் பட்டாவில் தாத்தா பெயரில் உள்ள 6 ஏக்கரை மூன்று குடும்பத்துக்கும் முழுசாகக் கணக்கிட்டிருந்தால் அங்கேயே ஆட்சேபம் சொல்லுங்கள். தீர்மானத்தில் எழுதச் சொல்லுங்கள். மாவட்ட அளவில் மேல்முறையீட்டுக் குழுவும் உண்டு.

அடுத்தது 'திஷா' எனப்படும் மாவட்ட வளர்ச்சி ஒருங்கிணைப்பு மற்றும் கண்காணிப்புக் குழு. நாடாளுமன்ற உறுப்பினர்தான் தலைவர், காலாண்டுக்கு ஒரு முறை கூட வேண்டும். கிராம சபைத் தீர்மானத்தின் நகலை அவரிடம் கொடுத்து, மக்களவையில் மூன்று கேள்விகள் கேட்கச் சொல்லுங்கள். ஒன்று, தருமபுரி மாவட்டத்தில் கிசான் கார்டு விதியாலும் நில விதியாலும் தனித்தனியே எத்தனை குடும்பங்கள் விலக்கப்பட்டன? இரண்டு, வருமான வரம்பை உயர்த்திய அரசு கிசான் கார்டின் 50,000 ரூபாயை ஏன் உயர்த்தவில்லை? மூன்று, மானாவாரி மாவட்டங்களுக்குத் தனி நில அளவு வைக்கும் எண்ணம் உண்டா? எழுத்து மூலம் பதில் வந்துவிட்டால், நிலைக்குழு அடுத்த பட்ஜெட்டை ஆராயும்போது அதைப் பிடித்துக்கொண்டு மேலே கேட்கலாம்.

உதவி வேளாண் அலுவலர்களுக்கும் களப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிசான் கார்டு முகாமில் படிவம் நிரப்பும்போது, அந்தக் குடும்பத்தின் வீடு எப்படிப்பட்டது என்பதையும் தனித்தாளில் குறித்து வையுங்கள். ஒரு வட்டாரத்தில் இருநூறு பேரின் கணக்குச் சேர்ந்தால் போதும். அதை வைத்துக்கொண்டு டெல்லியில் பேச ஒருவருக்குத் தைரியம் வரும்.

(கட்டுரையாளர் உழவியலில் முனைவர் பட்டம் பெற்ற வேளாண் விஞ்ஞானி)